எதிர்காற்றும் பதினெட்டுப் பல்லும்

"நம்ம ஊரு தட்டுப் பூமி, இங்க எதுக்குக் கியர் சைக்கிள்?" சங்கரன்கோவிலில் சைக்கிள் விற்றவர்களும் வாங்கியவர்களும் பல காலமாகக் கேட்டுவந்த கேள்வி இது. கோபுரத்தைச் சுற்றி ரத வீதிகள், அதைச் சுற்றித் தறி ஓடும் தெருக்கள், அதற்கு அப்பால் கரிசலும் செவலும் கலந்த காடு. எந்தத் திசையில் மிதித்தாலும் மூச்சு வாங்கும்படி ஒரு மேடு வராது. ஆனால் ஆனி பிறந்துவிட்டால் இந்தக் கேள்விக்கு மேற்கே இருந்து பதில் வரும். செங்கோட்டைக் கணவாய்க்குள் நுழையும் தென்மேற்குப் பருவக்காற்று, சாரலைக் குற்றாலத்திலும் தென்காசியிலும் உதறிவிட்டு, வெறுங்காற்றாக எங்கள் ஊர் வரைக்கும் வரும். சுரண்டை, தேவர்குளம், கயத்தாறு என்று காற்றாலைகள் வரிசைகட்டி நிற்பது இந்தக் காற்றை நம்பித்தான். அந்தக் காற்றாடிகள் வருவதற்கு வெகுகாலம் முன்பே எங்கள் ஜனங்கள் அதை நெஞ்சில் வாங்கிக்கொண்டு புளியங்குடிக்கும் வீரசிகாமணிக்கும் மிதித்துப் போனார்கள். மேகாத்து என்றால் போதும், சைக்கிள்காரர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

நான் வாடகைச் சைக்கிள் கடைக்காரரின் மகள். பின்னால் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் வாத்தியாரம்மா ஆனேன். பல்சக்கரத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி கடையில் கற்றது, மீதி கல்லூரியில். முதல் பாதிதான் அதிகம் உதவியிருக்கிறது.

அப்பாவின் கடை ரத வீதியை ஒட்டிய ஒரு சந்தில் இருந்தது. முன்னால் தகரப் பந்தல், உள்ளே சுவரோரமாக நிற்கும் கறுப்புச் சைக்கிள்கள். ஒவ்வொன்றின் பின் மக்கார்டிலும் வெள்ளைப் பெயிண்டில் கடைப் பெயரும் எண்ணும். ஆள் தெரிந்தால்தான் வண்டி. தெரியாதவருக்குத் தெரிந்தவர் ஒருவர் சொல்ல வேண்டும். நீள நோட்டில் எண், பெயர், ஊர், எடுத்த நேரம் எழுதப்படும். திரும்பி வந்ததும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக் கணக்கு. பெரியவர்களுக்கு முழு வண்டி, பிள்ளைகளுக்கு முக்கால், அரை, கால் வண்டிகள். அரை வண்டி எல்லாம் வெளியே போய்விட்ட ஞாயிற்றுக்கிழமையில், பெரிய வண்டியை எடுத்து நடுக் கம்பிக்கு அடியில் காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போடும் பையன்களை அப்பா அதட்டுவார், ஆனால் வண்டியைக் கொடுத்துவிடுவார். 2024இல் 'குரங்கு பெடல்' படம் வந்தபோது, என் வயதுக்காரர்கள் பலர் இந்த வாடகைக் கடைகளை நினைத்துப் பேசினார்கள். படத்திலும் பேச்சிலும் பிள்ளைகள்தாம் முன்னால் நின்றார்கள். கடைக்குச் சோறு போட்டது வேறு ஆட்கள்.

ரயிலில் இறங்கி வரும் நூல் வியாபாரி, கிராமம் கிராமமாகப் போய் வசூல் செய்யும் தவணைக்காரர், பாவு நூலும் தார்க்கட்டையும் ஏற்றிக்கொண்டு தறிக்கூடத்துக்கு ஓடுகிற நெசவாளி, விடியும் முன் தோட்டத்திலிருந்து பிச்சியும் மல்லியும் கேந்தியும் ஈரச் சாக்கில் கட்டிக் கேரியரில் வைத்துப் பூ மார்க்கெட்டுக்கு வருகிறவர் ஆகியோரே எங்கள் வாடிக்கை. 1927இல் விருதுநகர் - தென்காசி ரயில் பாதை திறந்த பிறகு ஸ்டேஷனுக்கும் ஊருக்கும் கிராமத்துக்கும் இடையில் ஓடியது மாட்டுவண்டி, அதற்கு அடுத்து சைக்கிள்தான். ஆடித் தபசு நாளில் கடையில் ஒரு வண்டி மிஞ்சாது. கோமதியம்மனுக்குச் சங்கரநாராயணராகச் சாமி காட்சி தருவதைப் பார்க்கத் தெற்கு ரத வீதியில் ஜனம் நெருக்கி நிற்கும்போது, அப்பா கடைக்குள் உட்கார்ந்து திரும்பி வந்த சக்கரங்களுக்குக் கோட்டம் எடுத்துக்கொண்டிருப்பார்.

அந்தக் கறுப்புச் சைக்கிளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் பழைய ரோட்ஸ்டர் வண்டிதான் அதற்கு மூலம். சுதந்திரத்துக்குப் பின் அந்த அச்சை அப்படியே எடுத்துக்கொண்டு இந்தியக் கம்பெனிகள் இறங்கின. 1949இல் சென்னையை அடுத்த அம்பத்தூரில் முருகப்பா குடும்பத்தாரும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கினார்கள். ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ., பிலிப்ஸ் எல்லாம் அங்கிருந்து வந்தவை. வடக்கே சோனிபட்டில் அட்லஸ், லூதியானாவில் 1956இல் ஹீரோ. பெயர் மாறினாலும் வண்டி மாறவில்லை. 28 அங்குலச் சக்கரம், இரும்புக் கம்பி பிரேக், கோட்டர் பின் அடித்த பெடல் கட்டை, கனத்த கேரியர். முன்னால் பெரும்பாலும் 44 பல், பின்னால் பிரீவீலில் 18 பல். இரண்டு மூட்டை ஏற்றினாலும் வளையாது, எந்த ஊரிலும் சாமான் கிடைக்கும், எந்தக் கடைக்காரரும் ஓவராயில் செய்வார். இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு இருந்த காலத்தில் இதுவே பெரிய காரியம். அந்த வண்டியைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அந்த 44க்கும் 18க்கும் மேகாத்தைத் தெரியாது.

44ஐ 18ஆல் வகுத்து, சக்கரத்தின் சுற்றளவால் பெருக்கினால், பெடல் ஒரு சுற்று வரும்போது வண்டி ஏறக்குறைய 5.4 மீட்டர் போகும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்குச் சுமார் 20 கிலோமீட்டர். காற்றில்லாத மாசி மாதத்தில் இது கச்சிதமான கணக்கு. இப்போது 30 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்காற்று அடிக்கிறது என்று வையுங்கள். வேகம் 10 கிலோமீட்டருக்குக் குறைந்துவிட்டாலும் உடம்பில் மோதும் காற்று 40. மாசியில் மோதியதைப் போல இரண்டு பங்கு வேகம் என்றால் எதிர்ப்பு நான்கு பங்கு. அதே நேரத்தில் கால் நிமிடத்துக்கு 30 சுற்றுதான் சுற்றுகிறது. மெதுவாக, ஒவ்வொரு மிதிக்கும் முழு எடையும் கொடுத்து, சீட்டை விட்டு எழும்பி எழும்பி மிதிக்க வேண்டும். முழங்கால் அப்போதுதான் கெடுகிறது. மேடு என்றால் முடிந்துவிடும், இறக்கம் வரும். காற்று வீடு போய்ச் சேரும்வரை முடியாது.

அப்பா இந்தக் கணக்கைப் போட்டவர் இல்லை. ஆனால் ஆனி, ஆடி, ஆவணி மூன்று மாதமும் வண்டி கேட்டு வருகிறவரிடம் அவர் முதலில் கேட்பது, "எந்தப் பக்கம் போறீய?" என்றுதான்.

"புளியங்குடிக்கு அண்ணாச்சி."

"அப்ப அந்த ஏழாம் நம்பர எடுத்துக்கிடுங்க."

ஏழாம் எண்ணுக்குப் பின்னால் 20 பல் பிரீவீல் போட்டிருப்பார். அதுபோல இன்னும் சில வண்டிகளுக்கும். கிழக்கே கழுகுமலைப் பக்கம் போகிறவருக்கு 18 பல் வண்டி. திரும்பும்போது அவருக்கும் எதிர்காற்று உண்டு, ஆனால் அநேகமாகச் சாமானை இறக்கிவிட்டு வெறும் வண்டியாக வருவார் என்பது அப்பாவின் கணக்கு. ஐப்பசி மழை பிடித்துக் காற்று அடங்கியதும் 20 பல்லைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, கிரீஸ் தடவி, பேப்பரில் சுற்றிப் பரணில் வைப்பார். மறு ஆனிக்கு இறக்குவார். எடுத்துப் போகிறவருக்கு இது எதுவும் தெரியாது. "இந்த வண்டி லேசா ஓடுது அண்ணாச்சி" என்று மட்டும் சொல்வார்கள். ஓட்டுகிறவர் எதையும் திருகாமல், எதையும் யோசிக்காமல், வழிக்குத் தக்க பல் அமைந்துவிட வேண்டும். தானாகக் கியர் மாறும் சைக்கிளைச் செய்ய முயன்றவர்கள் எல்லாரும் தேடியது இதைத்தான். எங்கள் சந்தில் அது ஒரு மனிதரின் தலைக்குள் இருந்தது.

கியர் உள்ள சைக்கிளை நான் முதன்முதலில் பார்த்ததும் அதே கடையில்தான். சிலோனில் கடை வைத்திருந்துவிட்டு ஊர் திரும்பிய ஒருவர் கொண்டுவந்த ராலே வண்டி. பச்சை நிறம். பின்சக்கரத்தின் குடம் மற்ற வண்டிகளைவிடத் தடித்திருக்கும். அதன் நடுவிலிருந்து சின்னச் சங்கிலி ஒன்று வெளியே வந்து கம்பியோடு சேரும், கம்பி ஹேண்டில்பாரில் ஒரு சின்ன விசைக்குப் போகும். அவர் வண்டியை ஒருநாள் தள்ளிக்கொண்டு வந்தார். விசைக் கம்பி அறுந்துவிட்டது, மிதிக்க முடியவில்லை என்றார். அறுந்தால் லேசான பல்லில்தானே நிற்கும் என்று நினைப்போம். ஸ்டர்மி ஆர்ச்சர் குடத்தில் நேர் மாறு. கம்பி இழுபட்டு நின்றால்தான் லேசான பல். தளர்ந்தால் மிகக் கனமான மூன்றாம் பல்லுக்குப் போய்விடும். ஆடி மாதம், மேகாத்து, மூன்றாம் பல். தள்ளிக்கொண்டு வந்தது சரிதான்.

அன்று சாயந்திரம் அப்பா அந்தக் குடத்தைப் பிரித்தார். தினசரித் தாளை விரித்து, கழற்றிய ஒவ்வொன்றையும் கழற்றிய வரிசையிலேயே வைத்துக்கொண்டு போனார். "எதையும் தொடாத ஏட்டி, வரிசை கலைஞ்சா நான் தொலைஞ்சேன்" என்றார். அச்சிலேயே வெட்டப்பட்ட 20 பல் சக்கரம் நடுவில். அதைச் சுற்றி ஒரு கூட்டுக்குள் நான்கு குட்டிச் சக்கரங்கள், ஒவ்வொன்றுக்கும் 20 பல். வெளியே உள்பக்கமாகப் பல் வெட்டிய 60 பல் வளையம். அவ்வளவுதான். நடுச் சக்கரம் அசையாது. செயின் வளையத்தைச் சுற்றி, குட்டிகளின் கூடு சக்கரத்தை இழுத்தால், மிதிப்பது நான்கு பங்கு என்றால் சக்கரம் சுற்றுவது மூன்று பங்கு. இது லேசான பல். செயின் கூட்டைச் சுற்றி, வளையம் சக்கரத்தை இழுத்தால் மூன்று பங்கு மிதிக்கு நான்கு பங்கு சுற்று. இது வேகப் பல். இரண்டும் இல்லாமல் நேராகப் போனால் நடுப் பல். கல்லூரியில் கோள் பல்லிணையைப் படமாக வரைந்து காட்டியபோது, எனக்கு அந்தத் தினசரித் தாளும் கிரீஸ் வாசனையும் வந்து நின்றன. 1902இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் உருவான ஏற்பாடு. 1936இல் வந்த ஏ.டபிள்யூ. என்ற வகை இன்றுவரை மூன்று பல் குடங்களுக்கு முன்மாதிரியாக இருக்கிறது. சேறு போகாது, தூசி போகாது, வெளியே தொங்கும் உறுப்பு எதுவும் இல்லை.

அப்பா திரும்பப் பூட்டினார். புதுக் கம்பி எங்கே கிடைக்கும்? மதுரையிலும் கிடைக்கவில்லை. கடைசியில் மொத்தமான கட்டுக்கம்பி ஒன்றால் அந்தச் சின்னச் சங்கிலியை இழுத்து, பின் ஸ்டாண்டுக் கம்பியோடு சேர்த்து முறுக்கிவிட்டார். அதன்பின் அந்த ராலே எப்போதும் லேசான பல்லிலேயே ஓடியது. சிலோன்காரர் சந்தோஷமாகப் போனார். விசையை அதற்கு முன்பும் அவர் தொட்டதில்லை என்றே நினைக்கிறேன். யாரோ கடையில் வைத்துக் கொடுத்த பல்லில் ஓட்டிக்கொண்டிருந்திருப்பார். கியர் இருப்பது ஒன்று, அதை மாற்றுவது வேறு ஒன்று. மார்க்கெட்டுக்கும் தறிக்கும் கோவிலுக்கும் போய்வருகிற ஆள் கை நீட்டி விசையைத் தட்டிப் பார்க்க மாட்டார். அவர் மனம் சரக்கின் விலையில் இருக்கும், பிள்ளையின் பீஸில் இருக்கும்.

இந்த உண்மை வெளிநாட்டுக்காரர்களுக்கும் தெரிந்திருந்தது. பந்தயக்காரர்கள் வெளியே தெரியும்படி பல் அடுக்கி, செயினை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் டிரெய்லர் கியரின் பக்கம் போனார்கள். டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் 1937இல்தான் அதற்கு அனுமதி கிடைத்தது. அதற்கு முன் வீரர்கள் மலையடியில் இறங்கிப் பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போட்டு மறுபக்கத்துப் பல்லுக்கு மாறுவார்கள். சாதாரண ஆளுக்காக வேறு ஒரு வரிசையில் வேலை நடந்தது. 1960களில் ஜெர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட் ஊரில் ஃபிக்டல் அண்டு சாக்ஸ் கம்பெனி இரண்டு பல் குடங்களைச் செய்தது. ஒன்றில் பெடலைக் கொஞ்சம் பின்னால் மிதித்தால் பல் மாறும். அமெரிக்காவில் பென்டிக்ஸ் கம்பெனியும் அதைச் செய்தது. சாக்ஸின் இன்னொரு குடத்தில் அந்த வேலையும் இல்லை. உள்ளே சின்ன எடைகள் இருக்கும். சக்கரம் வேகமாகச் சுற்றினால் அவை வெளியே விரிந்து வேகப் பல்லைப் பிடிக்கும், வேகம் குறைந்தால் சுருங்கி லேசான பல்லுக்கு விட்டுவிடும். கம்பியும் இல்லை, விசையும் இல்லை. வெளியே பார்த்தால் நம்முடைய கறுப்பு வண்டிக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. சாக்ஸின் சைக்கிள் பிரிவை வாங்கிய ஸ்ராம் கம்பெனி அதே யோசனையை 'ஆட்டோமேட்டிக்ஸ்' என்ற பெயரில் மறுபடி கொண்டுவந்து, சில ஆண்டுகளில் நிறுத்திவிட்டது.

பெரிய அளவில் பேசப்பட்ட முயற்சி 2007இல் நடந்தது. ஜப்பானின் ஷிமானோ கம்பெனி, கலிபோர்னியாவின் ஐடியோ என்ற வடிவமைப்பு நிறுவனத்தோடு சேர்ந்து, சிறுவயதில் ஓட்டிவிட்டுப் பிறகு சைக்கிளை விட்டுவிட்ட அமெரிக்கர்களைக் கேட்டறிந்து 'கோஸ்டிங்' என்ற ஏற்பாட்டைச் செய்தது. முன்சக்கரக் குடத்தில் டைனமோ. அந்த மின்சாரத்தில் ஒரு சின்னக் கணினி வேலை செய்து, பின்குடத்தின் மூன்று பல்லையும் வேகத்துக்குத் தக்க மாற்றும். பிரேக் பிடிக்கப் பெடலைப் பின்னால் மிதித்தால் போதும். டிரெக், ஜெயன்ட், ராலே மூன்றும் அதை வைத்து வண்டி செய்தன. டிரெக்கின் 'லைம்' வண்டியில் சீட்டைத் திறந்தால் சாமான் வைக்கச் சின்ன இடம்கூட உண்டு. அதுவும் சில ஆண்டுகளில் நின்றுபோனது.

இவற்றின் விளக்கப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கும். சரியான ஆளுக்காக, சரியான குறையைப் பார்த்துச் செய்த வண்டிகள். ஆனால் அந்த வண்டிகள் போன இடத்தில் அந்த ஆளுக்குக் கார் இருந்தது. சைக்கிள் அவருக்கு ஞாயிற்றுக்கிழமைப் பொழுது. எங்கள் ஊரில் ஒரு மூட்டை நூலோடு மேகாத்தில் எழும்பி எழும்பி மிதித்தவருக்கு அது சோறு. எடை விரிந்து சுருங்கும் அந்த இரண்டு பல் குடத்தில் அம்பத்தூராலோ லூதியானாவாலோ செய்ய முடியாத எதுவும் இல்லை. கணினி வேண்டாம், டைனமோ வேண்டாம். அப்பாவைப் போன்ற ஒருவர் தினசரித் தாளை விரித்துப் பிரித்துப் பூட்டக்கூடியதே. ஒரே அச்சு வண்டி போதும் என்று நாடு முடிவு செய்திருந்த காலத்தில் அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

கேட்காமலே வேறொன்று வந்தது. 1980இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50. முதலில் வந்த வண்டியில் பெடல் இருந்தது, மிதித்துத்தான் கிளப்ப வேண்டும். கியர் கிடையாது, கிளட்ச் பிடிக்கவும் வேண்டாம். ஆக்சிலேட்டரைத் திருகினால் என்ஜின் வேகத்தில் உள்ளே கட்டைகள் விரிந்து டிரம்மைப் பிடித்துக்கொள்ளும், விட்டால் சுருங்கி விலகும். ஜெர்மன் சைக்கிள் குடத்துக்குள் எடைகள் விரிந்து சுருங்கிய அதே தத்துவம்தான். இரண்டு பேர் உட்காரலாம், முன்னால் ஒரு மூட்டை, பின்னால் ஒரு மூட்டை. மேகாத்து அடித்தால் கொஞ்சம் கூடத் திருக வேண்டும், அவ்வளவுதான். பூ வியாபாரிகள்தான் எங்கள் ஊரில் முதலில் வாங்கியவர்கள் என்று நினைவு. அடுத்து தறிக்காரர்கள், பால்காரர்கள். பிச்சிப்பூச் சாக்கு இருபுறமும் பிதுங்க, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு விடியற்காலையில் அந்த வண்டிகள் வரிசையாகப் பூ மார்க்கெட்டுக்கு வரும் காட்சி இன்றும் உண்டு. வண்டியின் பெயர்தான் எக்ஸ்.எல். ஆகியிருக்கிறது.

அப்பாவின் நோட்டில் பெயர்கள் குறையத் தொடங்கியது அப்போதுதான். டவுன் பஸ் கூடியது, தவணையில் சொந்தச் சைக்கிள் கிடைத்தது என்று வேறு காரணங்களும் சொல்லலாம், அவையும் உண்மை. ஆனால் தினமும் வந்த ஆட்கள், மணிக்கணக்கில் வண்டியை வைத்திருந்த ஆட்கள், எதிர்காற்றில் போன ஆட்கள், அவர்கள்தான் முதலில் போனார்கள். பெட்ரோல் போடக் காசில்லாதவர்களும் பிள்ளைகளும் மிச்சமானார்கள். தொண்ணூறுகளின் நடுவில் அப்பா வாடகையை நிறுத்திவிட்டு, பஞ்சரும் ஓவராயிலும் மட்டும் பார்த்தார். பரணில் இருந்த 20 பல் பிரீவீல்களை ஒரு ரிக்‌ஷாக்காரர் வாங்கிப் போனார்.

சைக்கிள் அதோடு முடிந்துவிடவில்லை, ஓட்டுகிறவர் மாறினார். 1991இலும் அதை அடுத்தும் புதுக்கோட்டை மாவட்டத்தில், ஆட்சியராக ஷீலா ராணி சுங்கத் இருந்தபோது, அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. கல்குவாரிப் பெண்களும் கிராமச் செவிலியரும் ஆண்கள் வண்டியிலேயே ஏறிப் பழகினார்கள். 2001-2002இல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவிகளுக்கென அரசு இலவசச் சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. பின்பு அது அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளிகளின் பிளஸ் ஒன் பிள்ளைகள் எல்லாருக்குமாக விரிந்தது. நான் வேலை பார்த்த பள்ளியில் வண்டிகள் வந்திறங்கும் நாள் திருவிழாதான். பத்தாம் வகுப்போடு நின்றுபோயிருக்க வேண்டிய எத்தனையோ பிள்ளைகள் அந்த வண்டியில் ஏறித்தான் பிளஸ் டூ வரை வந்தார்கள். தமிழ்நாட்டில் இதைவிடப் பலன் தந்த திட்டங்கள் குறைவு என்பது என் உறுதியான எண்ணம்.

அந்த வண்டிகள் வந்த பிறகு ஆடி மாதச் சாயந்திரங்களைக் கவனிக்கத் தொடங்கினேன். காலையில் மேற்கேயிருந்து, நெற்கட்டும்செவல் பக்கமிருந்தும் புளியங்குடிச் சாலையிலிருந்தும் வரும் பிள்ளைகளைக் காற்று முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு வரும். சிரித்துப் பேசிக்கொண்டே மிதிப்பார்கள், மணியடிப்பதற்கு முன்பே வந்துவிடுவார்கள். சாயந்திரம் அதே சாலை, காற்று முகத்தில். மத்தியானத்துக்கு மேல் அது கூடவும் கூடும். காலையிலிருந்து வகுப்பில் உட்கார்ந்த களைப்பு, தோளில் புத்தகப் பை, தாவணியோ துப்பட்டாவோ பாய் மாதிரி விரியும். பின்னால் 18 பல். பல பிள்ளைகள் பாதிச் சாலையில் இறங்கி உருட்டிக்கொண்டு போவார்கள். இருட்டுவதற்குள் வீடு சேரவில்லை என்று ஒரு தாய் பள்ளிக்கு வந்து, "நாளைலேர்ந்து பஸ்ஸு இருந்தா அனுப்புதேன் டீச்சர், இல்லாட்டி வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். காலையில் ஒரு பல்லும் சாயந்திரம் ஒரு பல்லும் வேண்டிய பாதை இது. தானே மாறும் குடத்துக்கு இதைவிடப் பொருத்தமான இடம் அமெரிக்காவில் கிடையாது.

இதற்கிடையில் கடைகளில் 'கியர் சைக்கிள்' வந்திருந்தது. தடித்த டயர், ஹேண்டில்பாரின் இருபுறமும் திருகு, பின்னால் ஆறு ஏழு பல் அடுக்கு, கீழே தொங்கும் டிரெய்லர். பையன்கள் ஆசைப்பட்டார்கள், துபாயிலிருந்தோ சென்னையிலிருந்தோ தகப்பன்மார் பணம் அனுப்பினார்கள். ஆறு மாதத்தில் வண்டி கடைக்கு வரும். ஸ்டாண்டில் சாய்ந்து விழுந்ததில் டிரெய்லர் வளைந்திருக்கும், கரிசல் சேறு பல்லுக்கிடையில் காய்ந்து செயின் துள்ளும். அப்பாவிடம் வேலை பழகி இப்போது தனியாகக் கடை வைத்திருப்பவர் சொல்வார்: "கியரக் கழட்டிப் போட்டுட்டு ஒத்தப் பல்லா மாத்திக் குடுங்கன்னுதான் டீச்சர் எல்லாரும் கேக்காங்க." அவர் கடையின் மூலையில் கழற்றிய டிரெய்லர்கள் ஒரு கோணி நிறையக் கிடக்கும். கியரே எங்கள் ஊருக்கு ஒத்துவராது என்று அந்தக் கோணியைக் காட்டிச் சொல்பவர்கள் உண்டு. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மலையேறும் பந்தயக்காரருக்குச் செய்த உறுப்பு ஒத்துவரவில்லை, அவ்வளவே. குடத்துக்குள் அடைத்துவைத்த பல்லை எங்கள் ஊர் இன்னும் ஓட்டிப் பார்க்கவே இல்லை.

அந்தத் தாய் வந்துபோன பிறகு நானும் அந்தக் கடைக்காரரும் ஒரு காரியம் செய்தோம். மேற்கே போகிற பிள்ளைகளின் இலவச வண்டிகளில் 18 பல்லைக் கழற்றி 22 பல் போட்டார். ரிக்‌ஷாவுக்கு விற்கும் அதே பிரீவீல். கூலியோடு முந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது, சில வண்டிகளுக்குச் செயினில் ஒரு கண்ணி சேர்க்க வேண்டியிருந்தது. ஒரு சுற்று மிதிக்கு வண்டி 5.4 மீட்டருக்குப் பதில் நாலரை மீட்டருக்குச் சற்றுக் குறைவாகப் போகும். மிதிக்கும் பலத்தில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு மிச்சம். காலையில் காற்று தள்ளும்போது கால் கொஞ்சம் பறக்கத்தான் செய்யும். அதைப் பிள்ளைகள் பொருட்படுத்தவில்லை. சாயந்திரம் இறங்கி உருட்டுவது நின்றது.

நான் ஓய்வுபெற்ற பிறகும் ஒவ்வோர் ஆனியிலும் அவர் கடையில் இந்த வேலை நடக்கிறது. ஆனால் ஒரு கடைக்காரர் எத்தனை வண்டிக்குத்தான் பல் மாற்றுவார்? இலவசச் சைக்கிளுக்கு ஒவ்வோர் ஆண்டும் டெண்டர் விடுகிறார்கள். சட்டத்தின் கனம், டயரின் அளவு, பெயிண்டின் நிறம் என்று எல்லாவற்றுக்கும் அதில் வரி இருக்கும். கணவாய்க் காற்று அடிக்கும் தென்காசி மாவட்டத்துப் பள்ளிகளுக்குப் போகிற வண்டியில் பின்பல் 22 என்று ஒரு வரி சேர்த்தால் நாளைக்கே ஆகிற காரியம். கம்பியும் விசையும் இல்லாத, எடை விரிந்து சுருங்கும் இரண்டு பல் குடம் ஒன்றை அம்பத்தூரில் செய்து, முதல் நூறு வண்டியை எங்கள் புளியங்குடிச் சாலையில் ஓட்டிப் பாருங்கள் என்பது அடுத்த கோரிக்கை. ஓட்டிப் பார்ப்பதற்கு ஆடி மாதமாகப் பார்த்து வரட்டும்.